வாயாடி லினக்ஸ்

ஆஸ்பத்திரிக்கு வெளியிலிருந்து யார் போன் செய்தாலும் முதலில் காதில் விழுவது அக்காவின் குரல்தான். எங்கள் டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் அறை மாடிப்படிக்கு அடியில், ஆக்சிஜன் சிலிண்டர் அடுக்கும் கிடங்குக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஜன்னல் கிடையாது. கண் தெரியாத ஆபரேட்டருக்கு ஜன்னல் எதற்கு என்று எந்தக் காலத்திலோ ஓர் அதிகாரி நினைத்திருக்க வேண்டும். அதே அறையில் இரண்டாவது நாற்காலியில் கண் தெரிந்த ஒருத்தி, அதாவது நான், நாள் முழுக்க உட்கார வேண்டியிருக்கும் என்பது அவர் புத்திக்கு எட்டவில்லை.

பெரிய டாக்டரிலிருந்து வாசல் காவலாளி வரை எல்லோருக்கும் அவர் எக்ஸ்சேஞ்ச் அக்கா. பள்ளிக்கூடம் போகிற வயதிலேயே பார்வை போய்விட்டது. அதைப் பற்றி யாராவது உருக்கமாக விசாரித்தால், "அது பழைய கதைங்க, வேற ஏதாவது கேளுங்க" என்று வெட்டிவிடுவார். எந்த வார்டுக்கு எந்த எண், எந்த டாக்டர் எந்த நேரத்தில் எங்கே இருப்பார், யார் போனை எடுக்காமல் டிமிக்கி கொடுப்பார் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. கோபக்காரி என்று பெயர் வாங்கியவர். அவர் கோபப்பட்ட இடங்களில் பெரும்பாலும் பக்கத்து நாற்காலியில் இருந்தவள் என்ற முறையில் சொல்கிறேன்: அந்தக் கோபங்களில் ஒன்றைக்கூட என்னால் தப்பு என்று சொல்ல முடியாது.

எல்லாம் எங்கள் அறைக்குக் கம்ப்யூட்டர் வந்ததிலிருந்து தொடங்கியது. நோயாளியின் பெயரைத் தட்டினால் எந்த வார்டு, எந்தக் கட்டில் என்று சொல்லிவிடும். திரையில் இருப்பதை வாசித்துக் காட்டும் மென்பொருள் ஒன்றை அக்காவுக்காகப் போட்டுக் கொடுத்தார்கள். ஒரு காதில் டெலிபோன், மறு காதில் கம்ப்யூட்டர் என்று அக்கா ஒரே வாரத்தில் பழகிவிட்டார். சிக்கல் என்னவென்றால், அந்தக் கம்ப்யூட்டர் அவ்வப்போது தன்னைத்தானே புதுப்பித்துக்கொள்ளும். புதுப்பித்தவுடன் குரல் நின்றுபோகும். குரல் திரும்ப வர வேண்டுமென்றால் திரையில் ஒரு மூலையில் இருக்கும் கட்டத்தில் யாராவது டிக் போட வேண்டும். குரல் இல்லாமல் அந்தக் கட்டத்தைக் கண்டுபிடிக்க முடியாது. கட்டத்தைக் கண்டுபிடிக்காமல் குரல் வராது.

நான் லீவில் இருந்த ஒரு நாள் காலையில் இப்படி ஆகிவிட்டது. ஊருக்கு வெளியே ஒரு பேருந்து கவிழ்ந்து, அடிபட்டவர்களை எங்கள் ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டுவந்திருந்தார்கள். தன் அண்ணன் எந்த வார்டில் இருக்கிறார், உயிரோடு இருக்கிறாரா என்று ஒரு பெண் அழுதுகொண்டே திரும்பத் திரும்பப் போன் செய்திருக்கிறாள். பதில் அக்காவின் முன்னால் இருந்த திரையில் இருந்தது. அக்காவால் அதை எடுக்க முடியவில்லை. வார்டு வார்டாகப் போன் போட்டுக் கேட்டு, கடைசியில் கண்டுபிடித்துச் சொல்லியிருக்கிறார். கம்ப்யூட்டர் பிரிவிலிருந்து ஆள் வந்தபோது மத்தியானம் ஆகிவிட்டது. வந்தவன் ஒரு டிக் போட்டுவிட்டு, "பக்கத்துல கண்ணு தெரிஞ்சவங்க யாரையாவது கூப்பிட்டிருக்கலாமே மேடம்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

மறுநாள் நான் வந்து உட்காருவதற்குள் அக்கா ஆரம்பித்துவிட்டார்.

"நான் தனியா பஸ் ஏறி வேலைக்கு வர்றேன். தனியா அடுப்பு பத்த வெச்சு சமைக்கிறேன். பாத்ரூம் போறதுக்கு நான் யாரையும் துணைக்குக் கூப்பிடறதில்ல. ஒரு மெஷினைப் பேச வைக்கறதுக்கு ஆள் தேடணுமாம்! உங்களுக்கு அந்தத் திரை ஆன் பண்ணவுடனே வெளிச்சமா வருதில்ல? யாரோ வந்து டிக் போட்டாத்தான் வெளிச்சம் வரும்னா நீங்க சும்மா இருப்பீங்களா? ரோட்டுக்கு வந்திருக்க மாட்டீங்களா?"

நான் ஹெட்போனை மாட்டிக்கொண்டு அடுத்த போனை எடுத்தேன்.

அக்காவின் வீட்டுக்காரர் தையல் கடை வைத்திருக்கிறார். பெண்டாட்டி உட்பட எல்லோருக்கும் அவர் டெய்லர்தான். அக்கா வீட்டுக்குப் போய் அவரிடமும் இதையே பொரிந்து தள்ளியிருக்கிறார். மனிதர் நிதானமாக, "ரெடிமேட் சட்டை ஒத்து வரலைன்னா என்ன பண்ணுவாங்க? தெச்சுக்குவாங்க" என்றாராம். அவர் சட்டையைப் பற்றித்தான் சொன்னார். அக்காதான் அதைக் கம்ப்யூட்டருக்குப் பொருத்திக்கொண்டார்.

கம்ப்யூட்டரில் அப்படித் தைத்துக்கொள்ளக் கூடிய ஒன்று இருக்கத்தான் செய்கிறது. லினக்ஸ் என்று பெயர். கம்ப்யூட்டரை ஓட்டும் அடிப்படை மென்பொருள் அது. யாருக்கும் தனிச்சொத்து இல்லை. யார் வேண்டுமானாலும் எடுத்து, வேண்டியதைச் சேர்த்து, வேண்டாததைக் கழற்றி, தனக்கென்று ஒன்றைத் தொகுத்துக்கொள்ளலாம். ஆனால் அதற்கு நிறையப் படித்திருக்க வேண்டும் என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம். பார்வையற்றோர் சங்கத்தில் யாரோ அக்காவிடம் ஒரு இணையதளத்தைப் பற்றிச் சொன்னார்கள். அங்கே போய் எந்த வகை லினக்ஸ் வேண்டும், என்னென்ன மென்பொருள் வேண்டும், கம்ப்யூட்டர் கண்விழித்ததும் முதலில் எது ஓட வேண்டும் என்று ஒவ்வொன்றாகத் தேர்ந்தெடுத்து ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். எங்கோ இருக்கும் பெரிய கம்ப்யூட்டர்கள் அதைத் தொகுத்து ஒரே கோப்பாகக் கையில் கொடுத்துவிடும். அதைப் பென்டிரைவில் ஏற்றி எந்தக் கம்ப்யூட்டரில் செருகினாலும் நம்முடைய லினக்ஸ் ஓடும். காசு கிடையாது. எல்லாவற்றையும்விட முக்கியம், அந்தத் தளம் எளிய எழுத்துகளால் ஆனது. அக்காவின் திரைவாசிப்பான் அதைத் தடங்கலில்லாமல் படித்தது.

அக்கா செய்த முதல் லினக்ஸ் வாயே திறக்கவில்லை. குரலைச் சேர்த்தவர், ஸ்பீக்கரை ஓட்டும் மென்பொருளைச் சேர்க்க மறந்துவிட்டார். அடுத்தது பேசியது, ஆனால் எங்கள் இருவருக்கும் தெரியாத ஏதோ ஒரு மொழியில் ஆவேசமாகப் பேசியது. அதற்கடுத்தது தமிழில் பேசியது, நிறுத்தத்தான் தெரியவில்லை. "கோப்பு கோப்பு கோப்பு" என்று அது அரற்றிக்கொண்டே இருக்க, அக்கா பென்டிரைவைப் பிடுங்கிக் கைப்பைக்குள் போட்டார். வேலை இல்லாத இடைவேளைகளில் இதே வேலைதான். நான் போன்களைப் பார்த்துக்கொள்வேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு ஹெட்போனில் வாசிப்பதைக் கேட்டு, ஒன்றைச் சேர்ப்பார், ஒன்றை நீக்குவார்.

கடைசியில் அது பிறந்தது அவர் வீட்டுச் சாப்பாட்டு மேசையில். நானும் அன்றைக்கு அங்கே இருந்தேன். டெய்லர் யாரிடமிருந்தோ வாங்கி வந்திருந்த பழைய மடிக்கணினியில் பென்டிரைவைச் செருகி, அக்கா சுவிட்சை அழுத்தினார். திரையில் எதுவும் தெரிவதற்கு முன்பே குரல் வந்தது. மூக்கடைத்த மாதிரி ஒரு இயந்திரக் குரல்.

"வணக்கம். நான் தயார். என்ன செய்யட்டும்?"

அக்கா அம்புக்குறியை அழுத்தினார், என்ன இருக்கிறதென்று சொன்னது. இன்னொன்றை அழுத்தினார், அதையும் சொன்னது. ஒரு கட்டத்தில்கூட யாரும் டிக் போட வேண்டியிருக்கவில்லை. நிறுவுவது, பெயர் கொடுப்பது, கடவுச்சொல் வைப்பது என்று எல்லாவற்றுக்கும் அதுவே வாய்விட்டு வழி சொன்னது.

"என்ன இது, சரியான வாயாடியா இருக்கு!" என்றார் டெய்லர்.

அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. வாயாடி லினக்ஸ்.

பார்வையற்றோர் சங்கத்தில் ஒரு வக்கீல் இருக்கிறார், அவருக்கும் பார்வை கிடையாது. அக்காவைவிட இளையவர், அதனால் எங்களுக்கு வக்கீல் தம்பி. அவர்தான் வாயாடியை முதலில் வாங்கிப்போனார். அதுவரை வழக்குக் கட்டுகளை வாசித்துக் காட்ட ஆள் வைத்திருந்தவர், தன் கட்சிக்காரரின் ரகசியங்களை முதன்முறையாக யார் காதுக்கும் போகாமல் தானே படித்தேன் என்று போனில் சொன்னார். அப்புறம் ஒரு வாத்தியார், ஒரு வங்கி ஊழியர், கல்லூரியில் சேர்ந்த ஒரு பெண். அந்தத் தளத்திலேயே எல்லோரும் எடுத்துக்கொள்ளும்படி அக்கா அதை வைத்திருந்ததால், நாங்கள் பெயரே கேட்டிராத ஊர்களிலிருந்தெல்லாம் எடுத்துக்கொண்டார்கள். எழுதினார்கள். "எங்க அம்மாவுக்கு இப்பதான் கண்ணு போச்சு, அவங்களுக்குப் போட்டுக் கொடுத்தேன்" என்று ஒருவர் எழுதியதை அக்கா எனக்கு இரண்டு தடவை போட்டுக் காட்டினார்.

சில வருடங்கள் நன்றாகத்தான் போயின. அப்புறம் அந்தத் தளத்தை ஒரு பெரிய கம்பெனி வாங்கியது.

வாங்கியவர்கள் முதலில் செய்தது, அதை அழகாக்கியது. "உங்களுக்காகப் புத்தம் புதிய தோற்றம்" என்று அக்காவுக்கு மின்னஞ்சல் வந்தது. அதே வாரம், வாயாடிக்குள் இருந்த இணைய உலாவியில் பாதுகாப்பு ஓட்டை இருக்கிறது, உடனே மாற்ற வேண்டும் என்றும் செய்தி வந்தது. உலாவியை மாற்றி, மறுபடி ஒரு முறை தொகுத்தால் போதும்; அரை மணி நேர வேலை. அக்கா தளத்துக்குள் நுழையப் போனார். நுழைய முடியவில்லை. வாசலில் புதிதாக ஒரு சோதனை வைத்திருந்தார்கள். நீங்கள் மனிதர்தான், இயந்திரம் இல்லை என்று நிரூபியுங்கள். கீழே உள்ள படங்களில் சிக்னல் விளக்கு இருக்கும் படங்களைத் தேர்ந்தெடுங்கள்.

அக்கா அதை எனக்குச் சொன்னபோது அவருடைய குரல் ரொம்பச் சாதாரணமாக இருந்தது. அதுதான் பயமாக இருந்தது.

"என்கிட்ட கேக்குது, நீ மனுஷிதானான்னு. படம் பாக்கத் தெரிஞ்சாத்தான் மனுஷியாம்."

படம் பார்க்க முடியாதவர்களுக்கென்று ஒலியில் ஒரு சோதனையும் பக்கத்திலேயே இருந்தது. அதை அழுத்தினால் கரகரவென்ற இரைச்சலுக்குள் யாரோ எதையோ முனகினார்கள். நானும் கேட்டுப் பார்த்தேன். நாள் முழுக்க நோயாளிகளின் சொந்தக்காரர்கள் அழுதுகொண்டே சொல்லும் பெயர்களைப் பிடிக்கும் காதுகள் எங்களுடையவை. எங்களுக்கே அது பிடிபடவில்லை. அக்கா விடாமல் முயன்றார். கடைசியில் அது, உங்கள் நடவடிக்கை சந்தேகத்துக்கிடமாக இருக்கிறது என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டது.

வேறு வழியில்லாமல் வீட்டில் டெய்லரைப் பக்கத்தில் உட்கார வைத்தார். என்ன நடந்தது என்பதை மறுநாள் இருவருமே தனித்தனியாக எனக்குச் சொன்னார்கள்.

"ஒரு படத்துல கம்பம் மட்டும் தெரியுது. விளக்கு பக்கத்துப் படத்துல இருக்கு. கம்பம் சிக்னலோட சேர்த்தியா இல்லையா?" என்று டெய்லர் கேட்டிருக்கிறார்.

"எனக்கு எப்படிங்க தெரியும்?"

"இல்ல, கம்பம் இல்லாம விளக்கு எப்படி நிக்கும்? சேர்த்திதான்."

அழுத்தினார். தப்பு என்றது. அடுத்து மிதிவண்டிகள். அதற்கடுத்துப் படிக்கட்டுகள். ஒரு வழியாக உள்ளே விட்டது. டெய்லர் கடையைத் திறக்கப் போய்விட்டார். அக்கா உள்ளே உட்கார்ந்து கேட்டால், புதிய தோற்றத்தில் எழுத்தே இல்லை, எல்லாம் படம். எந்தப் படத்துக்கும் பெயர் வைக்கவில்லை. திரைவாசிப்பான் பாவம் என்ன செய்யும்? "பொத்தான். பொத்தான். பொத்தான். பொத்தான்." எதை அழுத்தினால் தொகுக்கும், எதை அழுத்தினால் வாயாடியே அழிந்துபோகும் என்று தெரியாமல் அக்கா தடவிக்கொண்டிருந்தபோது, ரொம்ப நேரமாகிவிட்டது, மறுபடி நுழையுங்கள் என்று வெளியே தள்ளியது. மறுபடி சிக்னல் விளக்கு. டெய்லர் கடையில். எக்ஸ்சேஞ்சில் நான் அழுத்திக் கொடுக்கப் பார்த்தபோதும், நடுவில் போன் அடித்து நான் திரும்புவதற்குள் அது எங்களை வெளியே தள்ளிவிட்டது.

தன்னுடைய வீட்டுக்குள் தன்னையே விடாமல் வாசலில் நிறுத்திக் கேள்வி கேட்டால் யாருக்குத்தான் ரத்தம் கொதிக்காது? அக்கா கம்பெனிக்கு எழுதினார். பணிவாகத்தான் எழுதினார், வாயாடி அதை வாசித்தபோது நானும் கேட்டேன். ஒவ்வொரு படத்துக்கும் ஒரு பெயர் வையுங்கள், உங்கள் ஆட்களுக்கு ஒரு நாள் வேலை. வாசல் சோதனைக்கு மாற்றுவழி வையுங்கள், இன்னின்ன வழிகள் இருக்கின்றன. உங்கள் கருத்து எங்களுக்கு மிகவும் முக்கியம் என்று உடனே பதில் வந்தது. அனுப்பிய நொடியே வந்ததால் அதை யாரும் படிக்கவில்லை என்று தெரிந்தது. திரும்ப எழுதினார். திரும்ப அதே முக்கியம். விடாமல் எழுதிய பிறகு ஒரு மனிதர் பதில் போட்டார். உங்கள் சிரமம் புரிகிறது, ஆனால் திரைவாசிப்பான் பயன்படுத்துகிறவர்கள் எங்கள் வாடிக்கையாளர்களில் ஒரு சதவீதம்கூட இல்லை, ஆகவே இப்போதைக்கு இது எங்கள் முன்னுரிமையில் இல்லை.

"கதவைச் சாத்திட்டு, உள்ள யாருமே இல்லையேன்னு எண்ணிப் பாக்கறாங்க" என்றார் அக்கா.

இதற்கிடையில் ஓட்டை உலாவியோடு வாயாடியைப் பயன்படுத்திக்கொண்டிருந்தவர்களிடமிருந்து கேள்விகள் வந்தபடி இருந்தன. புதுசு எப்போ வரும் அக்கா? வக்கீல் தம்பி தன் வழக்குக் கோப்புகள் இருக்கும் கம்ப்யூட்டரில் இணையத்தையே துண்டித்துவிட்டார். அக்காவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு, பாதியில் மூடிவிடுவார்.

அந்த நேரம் பார்த்துத்தான் விருது வந்தது.

நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அதே கம்பெனி. தங்கள் தளத்தில் பயனர்கள் உருவாக்கிய லினக்ஸ்களில் சிறந்தவற்றுக்குப் பரிசு கொடுக்கிறார்களாம். "எல்லோருக்குமான கணினி" என்ற பிரிவில் வாயாடி லினக்ஸ் தேர்வாகியிருக்கிறது. விழா எங்கள் ஊர் ஹோட்டல் ஒன்றிலேயே நடக்கிறது. வருகையை உறுதிசெய்யத் தளத்துக்குள் நுழையவும். நுழைவதற்கு, படிக்கட்டு இருக்கும் படங்களைத் தேர்ந்தெடுக்கவும்.

அக்கா சிரித்த சிரிப்பில் பக்கத்துக் கிடங்கிலிருந்து ஆள் எட்டிப் பார்த்தான்.

"போகவே போறதில்ல" என்றார்.

வக்கீல் தம்பிதான் போனில் பிடிவாதம் பிடித்தார். "எழுதினா படிக்க மாட்டேங்கறாங்க. எதிர்ல நின்னு சொன்னா காதைப் பொத்திக்க முடியாதுல்ல? போங்க அக்கா. மடிக்கணினியையும் எடுத்துட்டுப் போங்க."

படிக்கட்டுகளை நான் அழுத்தி வருகையை உறுதிசெய்தேன்; துணைக்கும் நானே போனேன். டெய்லர் அக்காவுக்குப் புது ரவிக்கை தைத்துக் கொடுத்திருந்தார். ஹோட்டல் வாசலிலேயே ஒரு இளைஞர் ஓடிவந்து, ஒரு வார்த்தை கேட்காமல் அக்காவின் முழங்கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். அக்கா கையை உதறி, "நான் உங்க தோளைப் பிடிச்சுக்கறேன், நீங்க முன்னால நடங்க" என்று சொல்ல வேண்டியிருந்தது. உள்ளே வரவேற்புப் பெண் என்னைப் பார்த்துக் கேட்டாள், "இவங்க காபி குடிப்பாங்களா?"

"இவங்களுக்குக் கண்ணுதாம்மா தெரியாது. வாய் இருக்கு, அவங்களையே கேளுங்க" என்றேன்.

மேடையில் அக்காவைப் பற்றி ஒரு அறிமுகம். இருளில் பிறந்த ஒளி, தன்னம்பிக்கைச் சுடர் என்று என்னென்னவோ சொன்னார்கள். வாயாடி என்ன செய்யும் என்று ஒரு வார்த்தை இல்லை. கம்பெனித் தலைவர் கண்ணாடிப் பரிசு ஒன்றை அக்காவின் கையில் வைத்து, அதையும் அக்காவையும் கேமரா பக்கம் திருப்பினார். "ரெண்டு வார்த்தை நன்றி சொல்லுங்க" என்று மைக்கைக் கொடுத்தார்கள்.

"நன்றி. நான் என் லினக்ஸை இங்க காட்டணும். இந்தக் கம்ப்யூட்டரை ஸ்பீக்கர்ல சேர்த்து விடுங்க" என்றார் அக்கா.

ஒலியமைப்பாளர் எதுவும் யோசிக்காமல் இணைத்துக் கொடுத்தார். எதற்கென்று தெரியாத ஒரு கேபிளைக் கையில் பிடித்தபடி நான் பக்கத்தில் நின்றேன். மேடை ஏறுவதற்குச் சற்று முன்னால்தான் நான் படிக்கட்டுப் படங்களை அழுத்தி, கம்பெனியின் தளத்துக்குள் நுழைந்து வைத்திருந்தேன். அக்கா அம்புக்குறியை அழுத்த ஆரம்பித்தார். அந்தப் பெரிய அரங்கம் முழுக்க மூக்கடைத்த குரல் கேட்டது.

"பொத்தான். பொத்தான். பொத்தான். பெயரில்லாத படம். பொத்தான். பொத்தான்."

முதலில் சிரித்தார்கள். ஏதோ வேடிக்கை என்று நினைத்துவிட்டார்கள். அக்கா நிறுத்தவில்லை. பொத்தான், பொத்தான் என்று அது ஓதிக்கொண்டே போனது. சிரிப்பு மெதுவாக அடங்கியது.

"இதுதாங்க உங்க புதுத் தோற்றம். எனக்கு இப்படித்தான் தெரியுது" என்றார் அக்கா. "இதுல எது தொகுக்கற பொத்தான், எது அழிக்கற பொத்தான்? எனக்குத் தெரியாது. நான் செஞ்ச லினக்ஸுக்கு நீங்க பரிசு கொடுக்கறீங்க. அதைத் திருத்தறதுக்கு என்னால உள்ள போக முடியல. நீ மனுஷின்னு நிரூபிச்சுக் காட்டுன்னு உங்க வாசல் கேக்குது. இவ்வளவு பேர் நடுவுல கேக்கறேன், நான் மனுஷியா இல்லையா?"

பின்வரிசையிலிருந்து யாரோ கை தட்டினார்கள். முன்வரிசை குனிந்து செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தது. நிகழ்ச்சித் தொகுப்பாளர் சிரித்த முகத்தோடு வந்து மைக்கை வாங்கிக்கொண்டு, "எவ்வளவு உணர்ச்சிபூர்வமான தருணம்!" என்றார். உடனே இசையைப் போட்டுவிட்டார்கள். நாங்கள் கீழே இறங்கும்போது அடுத்த பரிசுக்கான பெயரை அழைத்துக்கொண்டிருந்தார்கள்.

வீட்டுக்குப் போகிற வழியில் அக்கா கேட்டார், "தலைவர் முகம் எப்படி இருந்துச்சு?"

"கேமராவைப் பாத்துட்டிருந்தார் அக்கா."

"ம்" என்றார்.

அடுத்த வாரம் கம்பெனி ஒரு விளம்பரம் வெளியிட்டது. கண்ணாடிப் பரிசோடு நிற்கும் அக்காவின் படம், கீழே, "பார்வையற்றோரின் வாழ்வில் ஒளியேற்றினோம்." ஆஸ்பத்திரியில் பலர் அக்காவிடம் வந்து வாழ்த்துச் சொன்னார்கள். அவர்கள் மேல் தப்பில்லை. ஆனால் ஒவ்வொரு வாழ்த்துக்கும் அக்காவின் தாடை இறுகுவதை நான் பார்த்தேன். ஏற்றினார்களாம்! எரிந்துகொண்டிருந்ததை ஊதி அணைத்தவர்கள், ஏற்றினோம் என்று சுவரொட்டி ஒட்டுகிறார்கள். வக்கீல் தம்பி நோட்டீஸ் அனுப்பினார். அனுமதியில்லாமல் படத்தைப் போட்டது ஒரு குற்றம், பார்வையற்றவரைத் தளத்துக்குள் விடாமல் தடுப்பது இன்னொன்று என்று காரசாரமாக. படத்தை எடுத்துவிட்டார்கள். மன்னிப்புக் கேட்கவில்லை. இரண்டாவது குற்றத்துக்குப் பரிகாரமாக ஒரு தொலைபேசி எண் கொடுத்தார்கள். உள்ளே நுழைய முடியாதவர்கள் அலுவலக நேரத்தில் கூப்பிட்டால், எங்கள் ஊழியர் ஒருவர் உங்களுக்காகப் படங்களை அழுத்தித் தருவார்.

"மறுபடியும் ஆள்!" என்று அக்கா ஹெட்போனை மேசைமேல் போட்டார். "எங்க சுத்தினாலும் இவங்களுக்கு அதுக்கு மேல தோண மாட்டேங்குதே!"

விழாவில் பின்வரிசையில் கை தட்டியது யாரென்று அப்போதுதான் தெரிந்தது. அந்தக் கம்பெனியில் வேலை பார்க்கும் ஒரு பொறியாளர்ப் பெண். எக்ஸ்சேஞ்ச் எண்ணுக்கே போன் செய்தாள். தாழ்ந்த குரலில், கொஞ்சம் அவசரமாகப் பேசினாள்.

"மேடம், படங்களுக்குப் பேர் வைக்கணும்னு நாங்க உள்ளயே சொல்லிப் பாத்தோம். கேக்கல. இலவசத் தொகுப்பையே சீக்கிரம் மூடப் போறாங்க. பொது அறிவிப்பு அடுத்த மாசம் வரும். அதுக்குள்ள ஒண்ணு சொல்லணும்னு தோணுச்சு. எங்க தளம் வெறும் முகப்புதான். உள்ள தொகுக்கற கருவி தனி. அதுவும் லினக்ஸ் மாதிரியே எல்லாருக்கும் பொதுவானது. உங்க வீட்டுக் கம்ப்யூட்டர்லயே ஓடும். முழுக்க எழுத்துதான். ஒரு படம்கூட கிடையாது."

அக்கா, "இதை ஏம்மா உங்க தளத்துல எங்கயும் எழுதி வைக்கல?" என்று கேட்டார்.

அந்தப் பெண் கருவியின் பெயரை மட்டும் எழுத்து எழுத்தாகச் சொல்லிவிட்டுப் போனை வைத்தாள்.

எல்லாம் எழுத்து என்றதும் சுலபம் என்று நினைக்க வேண்டாம். முன்பு தளம் தானாகச் செய்துகொடுத்த நூறு வேலைகளை இப்போது கட்டளைகளாகத் தட்ட வேண்டும். ஒரு புள்ளி தவறினால் எல்லாம் பாழ். பழைய மடிக்கணினி மூச்சுத் திணறி நின்றுவிடும். அக்கா சங்கத்துக்குப் போய் நிலைமையைச் சொன்னார். வங்கி ஊழியர் தன் நல்ல கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து கொடுத்தார். கல்லூரிப் பெண் கட்டளைகளின் விளக்கங்களைத் தமிழில் எழுதித் தர முன்வந்தாள். வக்கீல் தம்பி ஒன்றும் புரியாமல் கூடவே உட்கார்ந்திருந்தார். தப்பு வரும்போதெல்லாம் மென்பொருளைக் குறுக்கு விசாரணை செய்தார். தளத்திலிருந்த வாயாடியின் செய்முறையை, அதாவது எதையெதைச் சேர்த்தது என்ற பட்டியலை, தளம் மூடுவதற்கு முந்தின வாரத்தில் நானும் டெய்லரும் மாறி மாறிப் படங்களை அழுத்தி உள்ளே போய், ஒவ்வொரு பெயராக வாசிக்க, அக்கா தட்டி எடுத்துக்கொண்டார். ஒரு கட்டத்தில் டெய்லர், "இனிமே ஜென்மத்துக்கும் நான் படிக்கட்டு பாக்க மாட்டேன்" என்றார்.

அந்தப் பெண் சொன்னபடியே தளம் இலவசக் கதவை மூடியது. பல வருடங்கள் பலர் உட்கார்ந்து உருவாக்கி வைத்திருந்த ஆயிரக்கணக்கான லினக்ஸ்கள் ஒரே நாளில் இல்லாமல் போயின. பள்ளிக்கூடங்களுக்கு என்று ஒருவர் செய்தது, பழைய கம்ப்யூட்டர்களுக்கு என்று இன்னொருவர் செய்தது, எல்லாம். அவற்றைச் செய்தவர்களில் எத்தனை பேருக்கு அந்தப் பொறியாளர்ப் பெண்ணைப் போல ஒருத்தி போன் செய்திருப்பாள்? "உங்களோடு பயணித்ததில் மகிழ்ச்சி" என்று ஒரு மின்னஞ்சல், அவ்வளவுதான்.

அன்றைக்கு வாயாடி இன்னும் தயாராகியிருக்கவில்லை. அதற்குப் பிறகும் கொஞ்ச காலம் பிடித்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அக்கா எனக்குப் போன் செய்தார். பேசவில்லை. மடிக்கணினிக்குப் பக்கத்தில் ரிசீவரைப் பிடித்திருந்தார் போல. "வணக்கம். நான் தயார். என்ன செய்யட்டும்?" என்று மூக்கடைத்த குரல் கேட்டது. பின்னால் டெய்லரும் வக்கீல் தம்பியும் ஒரே நேரத்தில் ஏதோ கத்தினார்கள்.

புது உலாவியோடு வாயாடி எல்லோருக்கும் போய்ச் சேர்ந்தது. இப்போது அதன் செய்முறை சங்கத்தில் நாலைந்து பேர் வீட்டில் இருக்கிறது. யார் வேண்டுமானாலும் தொகுக்கலாம். யாரும் யாரையும் வாசலில் நிறுத்த முடியாது. எங்கள் எக்ஸ்சேஞ்ச் அறையிலும் இப்போது வாயாடிதான். அதற்கு அனுமதி வாங்க அக்கா நடத்திய சண்டையைத் தனியாகத்தான் எழுத வேண்டும்.

கம்பெனி மட்டும் மாறவில்லை. காசு கட்டுகிறவர்களுக்காக இன்னும் நடக்கும் அந்தத் தளத்தின் வாசலில் இன்னும் அதே சோதனை. உள்ளே இன்னும் பெயரில்லாத பொத்தான்கள். அக்கா இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறார். போன வாரம் மத்தியானம் போன்கள் ஓய்ந்த நேரத்தில், கடகடவென்று அவர் தட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்துக் கேட்டேன்.

"அதான் நமக்கு வேற வழி கிடைச்சாச்சே அக்கா. இன்னும் எதுக்கு அவங்களோட மல்லுக்கட்டறீங்க?"

அக்கா தட்டுவதை நிறுத்தவில்லை.

"எனக்கு வழி கிடைச்சா அவங்க செஞ்சது சரியாயிடுமா? இன்னிக்கு எவளாவது ஒருத்தி அந்த வாசல்ல போய் நின்னுட்டிருப்பா. அவளுக்குப் பக்கத்துல டெய்லர் இருக்க மாட்டார், நீ இருக்க மாட்டே. தனக்குத்தான் ஏதோ குறைன்னு நினைச்சுக்கிட்டுத் திரும்பிப் போயிடுவா. அப்படி நினைக்க விடக் கூடாது. அதுக்குத்தான்."

எழுதி முடித்து அனுப்பினார். உங்கள் கருத்து எங்களுக்கு மிகவும் முக்கியம் என்று அடுத்த நொடியே வந்த பதிலை, ஹெட்போனைக் கழற்றிவிட்டு, நானும் கேட்கும்படி சத்தமாக ஓடவிட்டார். அப்புறம் அடுத்த கடிதத்தை ஆரம்பித்தார்.